கடைமடை காயாமல்: இரத்தக்குழாய் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பேணி இதயத்தைக் காக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் இதய நோயாளி இருக்கும் வீடுகளில், அவருடைய சட்டைப்பையிலோ, ஆச்சியாக இருந்தால் இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலோ, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையின் அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். சார்பிட்ரேட் என்ற பெயரால் பலரும் அறிந்த ஐசோசார்பைடு டைநைட்ரேட் அது. நெஞ்சு இறுகும்போது அதை வைத்தவுடன் சில நிமிடங்களில் இறுக்கம் தளர்வதைக் கண்டவர்கள், மாத்திரை அடைப்பைக் கரைத்துவிட்டதாக நம்பிக்கொள்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக மாறி, இரத்தக்குழாய்களைத் தளர்த்தி, இதயத்தின் சுமையைச் சிறிது நேரத்துக்குக் குறைக்கிறது. அதே வாயுவை நம் இரத்தக்குழாய்கள் எந்த மாத்திரையின் துணையும் இல்லாமல் இரவும் பகலும் தாமே ஆக்கிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஆக்கம் குன்றாமல் இருக்க அன்றாடம் என்ன செய்யவேண்டும், அதைக் குலைப்பவை எவை, இதயத்துக்கான இரத்த ஓட்டம் ஒரு நாள் நின்றுபோனால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன். செய்முறையை மட்டும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒரு மாதத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்பதைக் கண்டிருப்பதால், காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏற்கெனவே மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவருபவர்கள் இதில் உள்ள எதையும் அவரிடம் கேட்டுவிட்டே மேற்கொள்ளவேண்டும்.

உட்சுவர் செய்யும் வேலை

ஒவ்வொரு இரத்தக்குழாயின் உட்புறத்திலும், ஒரே ஓர் உயிரணுவின் கனமுள்ள மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. எண்டோதீலியம் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தப் படலத்தை வெறும் உள்பூச்சு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஆராய்ந்து, படலம் சிதையாமல் இருக்கும் துண்டு மட்டுமே அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டவுடன் தளர்கிறது, படலம் உரிந்துபோன துண்டு தளர்வதில்லை என்று 1980இல் அறிவித்தபோது அந்த எண்ணம் மாறியது. படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள தசைக்கு 'தளர்' என்று சொல்லியனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுதான் என்று சில ஆண்டுகளில் உறுதிப்பட்டது. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து பொருளீட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கே, அவருடைய கடைசி ஆண்டுகளில், நெஞ்சுவலிக்காக மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினைப் பரிந்துரைத்தார்கள் என்பதையும், அது எப்படி வேலை செய்கிறது என்பது அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது என்பதையும் இங்கே நினைத்துப்பார்க்கத் தோன்றுகிறது.

படலத்தில் உள்ள ஒரு நொதி, நாம் உண்ணும் புரதத்திலிருந்து கிடைக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைப் பிரிக்கிறது. பிரிந்த வாயு அடுத்திருக்கும் தசை உயிரணுவுக்குள் ஊடுருவிச் சென்று, குவானிலேட் சைக்ளேஸ் என்ற இன்னொரு நொதியைத் தூண்டுகிறது. அது உண்டாக்கும் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற தூதுப்பொருள், தசைக்குள் இருக்கும் கால்சியத்தின் அளவைக் குறைக்கிறது; தசை தளர்கிறது; குழாய் விரிகிறது. இதே வாயு இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதையும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி அழற்சியை உண்டாக்குவதையும் தடுக்கிறது. ஆனால் அதன் ஆயுள் சில நொடிகள்தான். அதைச் சேர்த்துவைக்க முடியாது. நேற்றுச் சுரந்தது இன்றைக்கு உதவாது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், இனி வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

நொதியைத் தூண்டும் விசை எது என்பதைத் தாமிரபரணிப் பாசனத்தோடு வளர்ந்தவர்களுக்கு எளிதாக விளக்கலாம். கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ நீர் ஓடும்போது அது கரையை உரசிக்கொண்டே செல்கிறது. இரத்தமும் அவ்வாறே உட்சுவரை உரசிச் செல்கிறது. அந்த உரசலை உணரும் படலம், ஓட்டம் வேகமெடுத்தால் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரந்து, வருகிற வெள்ளத்துக்கு ஏற்பத் தன்னை அகலமாக்கிக்கொள்கிறது. நீரின் வேகத்தை அறிந்து தானே அகன்றுகொடுக்கும் கால்வாய் மண்ணில் கிடையாது. நம் உடம்பில் இருக்கிறது.

ஓட்டம் நின்றால்

இதயத்துக்கு இரத்தம் தரும் தமனிகள் அதன் வெளிப்பரப்பில் ஓடி, அங்கிருந்து உள்நோக்கி இறங்குகின்றன. ஆகவே இதயத் தசையின் உள்ளடுக்குத்தான் கடைமடை. தமனி ஒன்று இரத்தக்கட்டியால் அடைபட்டால், கடைமடை முதலில் காய்வதுபோல உள்ளடுக்கு முதலில் மடிகிறது. பிறகு சாவு அலையாகப் பரவி வெளியடுக்கை நோக்கி வருகிறது. ரைமர், ஜென்னிங்ஸ் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1977இல் நாய்களில் இதை அளந்து காட்டினார்கள். ஏறத்தாழ 20 நிமிடங்கள் வரை தசை மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. 40 நிமிடங்களில் உள்ளடுக்கு மடிந்துவிடுகிறது. 6 மணி நேரத்தில் காப்பாற்றக்கூடியது மிகக் குறைவே. மனிதர்களில் பக்கவழித் தமனிகளின் அளவைப் பொறுத்து இந்தக் கணக்கு சற்று முன்பின்னாகுமே தவிர, திசை மாறுவதில்லை.

அடைப்பை நீக்கி ஓட்டத்தைத் திரும்பக் கொடுப்பது ஒன்றே தசையைக் காக்கும் வழி. ஆயினும் அதிலும் ஒரு சேதம் உண்டு. நெடுநாள் வறண்டு வெடித்துக் கிடந்த கால்வாயில் ஒரேயடியாக முழு நீரையும் திறந்தால் கரை உடைவதைப்போல, பட்டினி கிடந்த தசைக்குள் பிராணவாயு திடீரென்று பாயும்போது, அங்குள்ள உயிரணுக்களுக்கு ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் என்ற நுண்ணுறுப்புகள் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பொழிகின்றன. கால்சியம் பெருகி மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளைகள் திறக்கின்றன; அதுவரை பிழைத்திருந்த உயிரணுக்களும் ஒரு பகுதி மடிகின்றன. விலங்கு ஆய்வுகளில், நைட்ரிக் ஆக்சைடு இந்தத் துளைகள் திறக்காமல் தடுப்பதும், மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதிக்கூட்டைச் சில நிமிடங்கள் மெல்ல வேலை செய்யவைத்து நச்சுப் பொழிவைக் குறைப்பதும் காணப்பட்டிருக்கின்றன.

1986இல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் வெளியிட்ட சோதனை இந்தத் துறையையே திருப்பிப்போட்டது. நாயின் இதயத் தமனியை 5 நிமிடம் மூடி 5 நிமிடம் திறப்பதை 4 முறை செய்துவிட்டு, அதன்பின் 40 நிமிடம் தொடர்ந்து மூடினார்கள். முன்பயிற்சி பெறாத இதயங்களில் மடிந்த தசையின் அளவோடு ஒப்பிட்டால், முன்பயிற்சி பெற்றவற்றில் அதில் கால் பங்கே மடிந்திருந்தது. சிறு வறட்சிகளைக் கண்ட இதயம் பெரு வறட்சியைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தின் முதல் பாதுகாப்பு ஓரிரு மணி நேரம் நிற்கிறது. மறுநாள் தொடங்கி 3 நாள் வரை நீளும் இரண்டாம் பாதுகாப்பும் உண்டு. அந்த இரண்டாம் பாதுகாப்பைத் தொடங்கிவைப்பதும் நடத்திவைப்பதும் நைட்ரிக் ஆக்சைடே என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இதைப் படித்துவிட்டு, அடிக்கடி நெஞ்சுவலி வந்தால் நல்லதுதானே என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. புதிதாக வரும் நெஞ்சுவலி, தமனியில் கட்டி உருவாகிக்கொண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அது அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய காரணம்.

நாள்தோறும் செய்யவேண்டியவை

எல்லாவற்றிலும் முதன்மையானது நடை. உரசலே நொதியைத் தூண்டுகிறது என்று மேலே சொன்னேன். நடக்கும்போது இரத்த ஓட்டம் வேகமெடுத்து உடலெங்கும் அந்த உரசல் கூடுகிறது. வாரத்துக்கு 150 நிமிடங்கள், அதாவது நாளுக்கு 30 நிமிடம் வீதம் 5 நாட்கள், பேசமுடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பது போதும். வயல் வரப்பு, கால்வாய்க் கரை, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் என்று எங்கே நடந்தாலும் பயன் ஒன்றுதான். கோடையில் வெயில் ஏறுவதற்குமுன் முடித்துக்கொள்ளவேண்டும். எலிகளை 4 வாரம் ஓடவைத்து, பின்பு அவற்றின் இதயத் தமனியை அடைத்துப் பார்த்த ஆய்வில், ஓடிய எலிகளின் இதயத்தில் சேதம் குறைவாக இருந்தது. ஓட்டத்தை நிறுத்தி ஒரு வாரம் ஆனபின்னும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. 4 வாரம் ஆனபின் இல்லை. பாதுகாப்பு சேமிப்பாக நிற்பதில்லை, தொடர்ந்து நடப்பவருக்கே கிடைக்கிறது என்பதை நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குப் போனேன், கல்யாண வீடு, கொடை என்று ஒரு வாரம் விட்டுப்போனால் கலங்க வேண்டாம். ஒரு மாதம் விட்டுவிடக் கூடாது.

நடைக்குச் சமமான இன்னொன்று, நெடுநேரம் அசையாமல் உட்காராமல் இருப்பது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பகுதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை பீடி சுற்றுகிறார்கள். 3 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் காலின் தமனி விரியும் திறன் குறைகிறது என்பதும், மணிக்கு ஒருமுறை எழுந்து 5 நிமிடம் நடந்தால் அந்தக் குறைவு ஏற்படுவதில்லை என்பதும் அளந்து அறியப்பட்டவை. ஆகவே சுளகை இறக்கிவைத்துவிட்டு மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் நாலு நடை நடந்துவரவேண்டும். கூலி எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது என்பதும் அந்த 5 நிமிடத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். கடை அண்ணாச்சிமாருக்கும், நாள் முழுதும் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

அடுத்தது கீரை. ஆர்ஜினின் வழியைத் தவிர, நைட்ரிக் ஆக்சைடு உண்டாக உடலில் இரண்டாவது வழி ஒன்றும் இருக்கிறது. கீரைகளிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் என்ற உப்பு மிகுந்திருக்கிறது. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் பொதுவாகக் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. நாம் உண்ட நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. அதில் ஏறத்தாழ கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து வாய்க்குள் மீண்டும் கொண்டுவருகின்றன. நாக்கின் பின்புறத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்குகிறோம், அது இரத்தத்தில் சுற்றி, பிராணவாயு குறைந்த இடத்தில் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. முதல் வழிக்குப் பிராணவாயு தேவை. ஓட்டம் நின்ற தசையில் அது அடைபடுகிறது. அந்த நேரத்தில்தான் இந்த இரண்டாம் வழி திறக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் வியப்பூட்டும் செய்தி. லண்டனில் 2008இல் நடந்த ஆய்வில் நலமான தன்னார்வலர்கள் 500 மில்லிலிட்டர் பீட்ரூட் சாறு அருந்தியபின் 3 மணி நேரத்துக்குள் அவர்களுடைய மேல் இரத்த அழுத்தம் 10 அளவு வரை இறங்கியது; சாறு அருந்திவிட்டு உமிழ்நீரை விழுங்காமல் துப்பிக்கொண்டே இருந்தபோது இறங்கவில்லை.

நடைமுறையில் இதற்குச் சாறு பிழியவேண்டியதில்லை. நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, பசலை ஆகியவற்றில் ஒன்றை நாள்தோறும் மதிய உணவில் ஒரு கிண்ணம் சேர்த்துக்கொண்டால் போதும். சமைக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். நைட்ரேட் நீரில் கரைவது. கீரையை நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பாதிப் பயன் சாக்கடைக்குப் போய்விடுகிறது. கொஞ்சம் நீர் தெளித்து வேகவைத்து, அந்த நீரோடு மத்தால் கடையும் நம் வீட்டுக் கீரைக்கடைசலே சரியான முறை. கடைந்த கீரையை அன்றே உண்டுவிடவேண்டும்; வெளியில் வைத்துப் பழையதாகவிட்டால் கிருமிகள் பெருகி நைட்ரைட்டைக் கூட்டும், அது குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், கால்சியம் ஆக்சலேட் கல் உண்டானவர்களும், வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கீரையின் அளவைக் கூட்டக் கூடாது.

நாக்கின் நுண்ணுயிரிகளைக் காப்பதும் இதில் அடங்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்கொப்பளிப்பு மருந்தை 7 நாள் பயன்படுத்திய நலமானவர்களின் இரத்த அழுத்தம் சிறிதளவு ஏறியது கண்டறியப்பட்டிருக்கிறது. பல் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களுக்குச் சொன்னால் பயன்படுத்தலாம். வாய் மணக்கவேண்டும் என்று ஆண்டு முழுதும் கொப்பளிப்பது வேண்டாம். பல் துலக்கி, வெறும் நீரில் கொப்பளித்தால் போதும்.

இனி, சுரந்ததைக் கெடுக்கும் பொருள்கள். நைட்ரிக் ஆக்சைடின் முதல் பகை சூப்பராக்சைடு என்ற நச்சு ஆக்சிஜன். இரண்டும் சந்தித்த கணத்தில் பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய பொருள் உண்டாகிறது. அது நொதிக்குத் துணைநிற்கும் டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற பொருளை அழிக்கிறது. துணையை இழந்த நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகச் சூப்பராக்சைடையே சுரக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேயும் கதை இதுதான். புகையிலைப் புகை, கட்டுப்படாத சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு ஆகிய நான்கும் இந்த நிலைக்குக் கொண்டுபோகின்றன.

பீடியைப் பற்றி விரிவாகச் சொல்லியாகவேண்டும். பீடியில் தூள் கொஞ்சம்தான், சிகரெட்டைப்போல் கெடுதி இல்லை என்ற பேச்சு நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தபோது, பீடி மட்டுமே புகைப்பவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு என்று தெரிந்தது. புகையிலை மெல்லுபவர்களுக்கு அது 2 மடங்குக்கு மேல். வெற்றிலையோடு ஒரு துணுக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் முதியவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். குறைத்துக்கொள்வது தொடக்கமாக இருக்கலாம். இலக்கு முற்றாக விடுவதாகவே இருக்கவேண்டும்.

உப்பு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கல்லிடைக்குறிச்சி அப்பளமும், ஊறுகாயும், கருவாடும் சேரும் ஒரு சாப்பாட்டிலேயே இந்த வரம்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதை எண்ணிப்பார்த்து, மூன்றில் ஒன்றை மட்டும் இலையில் வைத்துக்கொள்ளவேண்டும். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வருகின்றன. அடோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரைகள் கொழுப்பைக் குறைப்பதோடு, நைட்ரிக் ஆக்சைடு ஆக்கும் நொதியின் அளவையும் கூட்டுகின்றன. 'கொழுப்பு இறங்கிவிட்டது' என்று தாமாகவே அதை நிறுத்திவிடுபவர்கள் இந்த இரண்டாம் பயனையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கவேண்டாதவை

நைட்ரிக் ஆக்சைடை ஏற்றுவதாகச் சொல்லி ஆர்ஜினின் தூள்களும் மாத்திரைகளும் இப்போது உடற்பயிற்சிக்கூடங்கள் வழியாகச் சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஆர்ஜினின்தான் மூலப்பொருள் என்றால் அதை அதிகமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பது இயல்பே. மாரடைப்பிலிருந்து மீண்ட 153 பேரிடம் அமெரிக்காவில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி இதயத்தின் வேலைத்திறன் சற்றும் கூடவில்லை. ஆர்ஜினின் பெற்றவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்ற பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மூலப்பொருள் நம் உடலில் பெரும்பாலும் போதிய அளவு இருக்கிறது. குறைபாடு நொதியின் நிலையில் இருக்கிறது. நொதி பழுதான இடத்தில் மூலப்பொருளைக் கொட்டுவதால் பயன் இல்லை. மாரடைப்பு வந்தவர்கள் இந்தத் தூளைத் தொடவே கூடாது.

மூக்கால் முரலும் மூச்சுப்பயிற்சி நைட்ரிக் ஆக்சைடைப் பன்மடங்கு கூட்டுகிறது என்ற செய்தியும் பரவுகிறது. மூக்குவழி வெளியேறும் காற்றில் அது 15 மடங்கு வரை கூடுவது உண்மை. அந்த வாயு மூக்கின் பக்கத்துக் காற்றறைகளிலிருந்து வருவது. அதனால் இதயத் தமனி காக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மன அமைதிக்காகச் செய்யலாம். நடைக்கு மாற்றாக அன்று.

மருத்துவமனைகளில் நடந்த பெரிய முயற்சிகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதை மறைக்கக் கூடாது. தமனியைத் திறப்பதற்குச் சற்றுமுன் சோடியம் நைட்ரைட்டைச் சிரை வழியே இரத்தத்தில் ஏற்றிப் பார்த்த 2014ஆம் ஆண்டின் ஆய்வில் மடிந்த தசையின் அளவு குறையவில்லை. கையில் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தி, தொலைவிலிருந்தே இதயத்துக்கு முன்பயிற்சி தரும் முறையை ஐரோப்பாவில் 5,401 நோயாளிகளிடம் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, இறப்போ இதயச் செயலிழப்போ குறையவில்லை என்றே தெரிந்தது. 58,050 பேர் பங்கேற்ற ஐசிஸ்-4 ஆய்வு, மாரடைப்பு வந்த எல்லாருக்கும் வழக்கமாக நைட்ரேட் மாத்திரை கொடுப்பதால் உயிரிழப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை என்று 1995இலேயே காட்டிவிட்டது. இளம் விலங்கின் நலமான இதயத்தில் நடப்பது, நீரிழிவும் முதுமையும் சேர்ந்து உழுதுவிட்ட மனித இதயத்தில் அப்படியே நடப்பதில்லை. ஆகவே கடைசி நேரத்தில் வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கொடுத்து இதயத்தைக் காத்துவிடலாம் என்று இன்றைக்கு எவரும் நம்பியிருக்க முடியாது. காலமெல்லாம் உட்சுவரைப் பேணுவதும், அடைப்பு வந்தால் விரைந்து திறப்பதும் நம் கையில் உள்ளவை.

நெஞ்சு வலிக்கும் நேரத்தில்

என் பெரியப்பா அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பயிர்செய்தவர். பிசானத்துக்கு நடவு முடிந்த வாரத்தில், ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு அடைத்து வேர்த்துக் கொட்டியது. "ஒண்ணுமில்ல, வாய்வுதான், செத்த நேரத்துல சரியாயிரும்" என்று அவர் சொன்னதை வீட்டார் அனைவரும் நம்பினோம். சோடா வாங்கிக் கொடுத்தோம், ஓமத்திரவம் கொடுத்தோம், மைனி நெஞ்சையும் முதுகையும் தேய்த்துவிட்டார். இப்படியே 4 மணி நேரம் போயிற்று. அவர் உயிர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் பெரும்பகுதி மடிந்துவிட்டதால் அதன்பின் வரப்பில் 50 அடி நடப்பதற்கே மூச்சு வாங்கினார். பின்வருவனவற்றை அந்த 4 மணி நேரத்தை நினைத்தே எழுதுகிறேன்.

நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற இறுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வேர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எதுவும் திடீரென்று வந்தால் மாரடைப்பு என்றே கொள்ளவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கு வலி இல்லாமல் வேர்வை, குமட்டல், மிகுந்த களைப்பு மட்டுமே வரக்கூடும். வாய்வாக இருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து 'வாய்வு' என்று மருத்துவரே சொல்லட்டும்.

நோயாளியை நடக்கவிடாமல் உட்காரவைத்து, உடனே 108ஐ அழைக்கவேண்டும். மருத்துவர் ஏற்கெனவே நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், உட்கார்ந்த நிலையில் ஒன்றை வைக்கலாம். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் அடுத்த மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் முதல் மாத்திரையையும் வைக்கக் கூடாது, ஏனெனில் அழுத்தம் மேலும் சரியும். ஆண்மைக்குறைவுக்காக உண்ணும் மருந்துகளில், கடந்த 24 மணி நேரத்தில் சில்டெனாபிலோ, 48 மணி நேரத்தில் டாடாலாபிலோ உட்கொண்டவர் இதை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த மருந்துகளும் அதே சைக்ளிக் ஜி.எம்.பி. வழியில் வேலை செய்வதால் இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். கூச்சத்தால் இதை மறைப்பவர்கள் உண்டு. மருத்துவரிடமும் ஆம்புலன்ஸ் பணியாளரிடமும் கட்டாயம் சொல்லவேண்டும். மற்றவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கி வைப்பதும் கூடாது.

உயிரைக் காப்பதில் ஆஸ்பிரினுக்குத் தெளிவான சான்று உண்டு. 17,187 பேரிடம் நடந்து 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் இதய, இரத்தக்குழாய்ச் சாவுகளை 23 விழுக்காடு குறைத்தது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தபோது 42 விழுக்காடு குறைந்தது. ஒவ்வாமையோ, இரத்தக்கசிவோ, குடற்புண்ணோ இல்லாதவர் 108இல் பேசுபவரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கவேண்டும். 2023இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகள் கொண்ட முதல் தவணை கொடுக்கப்படுகிறது. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள நிலையம் எங்கே இருக்கிறது என்பதை வலி வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

எங்கே போவது என்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுவோம் என்று, வழியில் உள்ள அரசு மருத்துவமனையைத் தாண்டி நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு வண்டியை விடுகிறார்கள். பாபநாசத்திலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உவரி, களக்காடு பக்கத்திலிருந்தும் அருகில் இல்லை. இ.சி.ஜி. எடுத்து உறுதிசெய்த நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள், மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கும் என்றால் அதுவே சிறந்தது. அதற்கு வாய்ப்பில்லை என்றால், இ.சி.ஜி.யும் கட்டி கரைக்கும் ஊசியும் உள்ள மிக அருகான மருத்துவமனையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்குச் செல்வதுதான் தசையைக் காக்கும். எது பொருத்தம் என்பதை 108 பணியாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் இடத்துக்குச் செல்லவேண்டும். நோயாளியை இருசக்கர வண்டியின் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிச்செல்வது, பேருந்துக்குக் காத்திருப்பது, உறவினர் வந்துசேரட்டும் என்று நிறுத்திவைப்பது ஆகியவை வேண்டாம்.

மருத்துவமனையில் சேர்ந்ததும், வலி தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். சிகிச்சை முழுதும் அந்த ஒரு எண்ணைச் சுற்றியே அமைகிறது. ஆகவே வலி தொடங்கியவுடன் மணி பார்த்து, ஒரு தாளில் நேரத்தையும், உண்டுவரும் மாத்திரைகளையும், ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதி, உடன் செல்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். வீடு திரும்பியபின், மருத்துவர் சொன்ன நாளில் முற்றத்தில் 5 நிமிட நடையாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போகவேண்டும். பெரியப்பாவுக்கு அந்த நடையைத் தொடங்கிவைக்க எங்களுக்கு 3 மாதங்கள் ஆயின.